பதினெட்டு நாய்களையும் நிதி நடைக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: சென்னையில் சின்னதாக ஒரு நாய்ப் பயிற்சிக் குழு நடத்துகிறோம். புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்ட, இன்னும் மூன்று வாரத்தில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை 6.30-க்கு மூன்று கிலோமீட்டர் நடை ஒன்று இருக்கிறது, நாய்களோடு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களிடம் பதினெட்டு நாய்கள், எல்லாமே சொன்னபடி கேட்கும். அனைத்தையும் கூட்டிப் போகலாமா, வேறென்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் பதினெட்டும் வேண்டாம். என் கணக்கில் ஏழெட்டு தேறினாலே பெரிய விஷயம்.

மைதானத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் ‘ஸ்டே’ போடுகிற நாய்க்குத் தெரிந்ததெல்லாம் அந்த மைதானம்தான். பறையடி, மைக், பலூன், ஒரே நிற டீ-ஷர்ட்டில் ஐந்நூறு பேர் என்றால் அதற்கு அது வேறு உலகம். இதில் நடப்பதைவிடக் கஷ்டம், தொடங்கும் முன் நிற்பது. கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை, அந்த முக்கால் மணி நேரம் கூட்டத்துக்கு நடுவில் நின்றே பாதி நாய்கள் பொறுமை இழந்துவிடும். அதனால் அமைப்பாளர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்: நாங்கள் பக்கத்துத் தெருவில் நிற்போம், கூட்டம் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துக் கடைசியாகச் சேர்ந்துகொள்வோம். போட்டோவுக்கு முன்னால் வரச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள்.

எதைக் கூட்டிப் போவது என்று எப்படி முடிவு செய்வது? வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரண்டிரண்டு நாய்களாக அதே சாலைக்குப் போங்கள். ஷ்மிட் நினைவுச் சின்னம் இருக்கும் பக்கம் கூட்டம் நடுவே நின்று, வேகவைத்த கோழித் துண்டை நீட்டுங்கள். வகுப்பில் பறித்துத் தின்கிற நாய் இங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பயத்திலோ பதற்றத்திலோ இருக்கிறது, வாலாட்டினாலும் சரி. அது வர வேண்டாம். பக், ஷிட்சூ மாதிரி சப்பை மூக்கு நாய்கள், தடுப்பூசி முடியாத குட்டிகள், பருவத்தில் இருக்கும் பெட்டை, மூட்டுவலி உள்ள கிழட்டு நாய், இவற்றுக்குப் பரிசோதனையே தேவையில்லை, வீட்டில் இருக்கட்டும்.

கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் குழுவில் இருந்தால் இதைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். இந்த வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து கிட்டத்தட்ட அதே அகலம், சாதாரண பெல்ட் போட்டால் பின்வாங்கி ஒரு உலுக்கு உலுக்கினால் போதும், கழன்றுவிடும். சில வருஷத்துக்கு முன் இப்படி ஒரு நடையில் பலூன் வெடித்தது, என்னிடம் பயின்ற சிப்பிப்பாறை ஒன்று பெல்ட்டை உருவிப்போட்டு ஓடியது. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, பெல்ட்டைச் சரிபார்க்காதது என் தப்பு. இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டின்கேல் காலர் வாங்குங்கள், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் போட்டு லீஷை (பிடிகயிறு) இரண்டிலும் மாட்டுங்கள். லீஷ் ஆறடி போதும். பொத்தானை அமுக்கினால் நீளுகிற சுருள் லீஷ் வேண்டவே வேண்டாம்.

சத்தத்துக்குப் பழக்க மூன்று வாரம் கொஞ்சம் குறைவுதான், இருந்தாலும் இன்றே ஆரம்பியுங்கள். பறைச் சத்தத்தை மொபைலில் மிக மெதுவாக ஓடவிட்டுச் சாப்பாடு வையுங்கள், நாய் கண்டுகொள்ளாமல் தின்றால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள், காது விறைத்தால் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். காலைதானே என்று நினைக்காதீர்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்து நாக்கின் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும், கடற்கரைக் காற்றிலோ ஏற்கனவே ஈரம் நிறைய, ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். ஏப்ரல், மே என்றால் வர மாட்டோம் என்றே சொல்லிவிடுங்கள். நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அங்கேயே நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். ஞாயிறு காலை திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று முந்தைய வாரமே போன் போட்டுக் கேட்டு வையுங்கள்.

தெருநாய்களை மறந்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சாலை அவற்றின் எல்லை, வரிசையாக எட்டு அந்நிய நாய்கள் வந்தால் சும்மா இருக்காது. தினமும் அங்கே சோறு வைப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், அன்று மட்டும் ஆறு மணிக்கு முன் உள்தெருவில் வைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நாயில்லாத இரண்டு பேர் இருபதடி முன்னால் நடக்கட்டும்.

உண்டியலை நாய் பிடித்திருப்பவர் கையில் கொடுக்காதீர்கள். காசு போடுகிற சாக்கில் நாலு குழந்தைகள் ஒரே நேரத்தில் நாயின் முகத்தைத் தடவும். தொட அனுமதிக்காத நாயின் லீஷில் மஞ்சள் ரிப்பன் கட்டலாம், ஆனால் நம் ஊரில் அதன் அர்த்தம் பலருக்குத் தெரியாது, மைக்கில் அறிவிக்கச் சொல்லுங்கள். மீறி ஒரு பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேராக அரசு மருத்துவமனை. ‘எங்கள் நாய்க்கு ஊசி போட்டாச்சு’ என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சி உரிமம் இரண்டின் படமும் ஒவ்வொருவர் மொபைலிலும் இருக்கட்டும்.

மீதிப் பத்து நாய்களின் சொந்தக்காரர்கள் கொஞ்சம் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத்தான் அன்று வேலை அதிகம், ஒரு நாய்க்கு இரண்டு பேர் என்று நீங்கள் போட வேண்டியிருக்கும், ஒருவர் லீஷ், இன்னொருவர் தண்ணீரும் கழிவெடுக்கப் பழைய பேப்பரும். முடிந்ததும் மணலில் ஓடவிடும் ஆசை வரும், அங்கே உடைந்த பாட்டில் கிடக்கும். விரலிடுக்கை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.