கல்லீரல் கேன்சர்: கேளுங்க, ஸ்லைடு பாக்குறவன் சொல்றேன்

நான் பேத்தாலஜிஸ்ட், அதாவது சதையை மைக்ராஸ்கோப்புல பாத்து நோயைச் சொல்றவன். மருந்து டோஸ் மட்டும் என்கிட்ட வேணாம், அதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: அப்பா குடிச்சதே இல்ல, அவருக்கு எப்படி சார்?

பதில்: குடி ஒரு வழிதாங்க. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ், சுகரோட வர்ற கொழுப்பு ஈரல், எல்லாமே வருஷக்கணக்குல செல்லைச் சாகடிச்சு, அது திரும்ப வளர்ந்து, நடுவுல தழும்பு விழுந்து சிரோசிஸ் ஆகுது, அப்படி ஓயாம வளர்ற செல்லோட டிஎன்ஏல மியூட்டேஷன், அதாவது பிழை, சேர்ந்துதான் கேன்சர். அந்த ஈரலை வெட்டிப் பாத்தா முழுக்க முடிச்சு முடிச்சா இருக்கும், அதுல ஒண்ணு மட்டும் பெருசா, சில சமயம் ஃபார்மலின்ல ஊறினதும் பச்சையாகூட மாறியிருக்கும், ஏன்னா அந்த கேன்சர் செல் இன்னும் பித்தநீர் சுரக்குது. ஹெபடைடிஸ் பி மட்டும் தனி ரகம், அதோட டிஎன்ஏ நம்ம டிஎன்ஏக்குள்ளயே போய் ஒட்டிக்கும், சிரோசிஸ் இல்லாமலேயும் கேன்சர் வரலாம். அப்பாவுக்கு பி இருந்தா வீட்ல எல்லாரும் ஹெச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் (பி வைரஸ் இருக்கான்னு பாக்குற ரத்த டெஸ்ட்) எடுத்துடுங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: ஈரல் கேன்சருக்குப் பாக்குற ஏஎஃப்பி ரத்த டெஸ்ட் நார்மல், கேன்சர் இல்லதானே?

பதில்: அப்படி அர்த்தம் இல்ல. நிறைய பேருக்கு கட்டி இருந்தும் ஏறாது.

கேள்வி: ஊசி குத்தி சதை எடுத்துப் பாக்குற பயாப்ஸியே பண்ணாம கேன்சர்ங்கறாங்க, நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஈரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடல்லேர்ந்து வர்ற போர்ட்டல் வெயின்ல வருது, மிச்சம் ஆர்ட்டரில. கேன்சர் கட்டி பெரும்பாலும் ஆர்ட்டரி ரத்தத்துலயே வளரும். அதனால சிடி ஸ்கேன்ல ரத்தத்துல டை ஏத்தினதும், அது ஆர்ட்டரி வழியா முதல்ல வர்றதால கட்டி முதல்ல பளிச்சுன்னு தெரிஞ்சு, அப்புறம் சுத்தியிருக்குற ஈரலைவிட கருத்துடும். சிரோசிஸ் உள்ளவங்களுக்கு இது தெளிவா தெரிஞ்சா ஊசி வேணாம்.

கேள்வி: அப்ப கத்தி பட்டா பரவும்னு பாட்டி சொன்னது சரிதான்!

பதில்: இல்லீங்க. ஊசி வேணாங்கறது தேவைப்படாததால.

கேள்வி: எங்க மாமாவுக்கு பயாப்ஸி எடுத்த மூணே மாசத்துல பரவிடுச்சு சார், டாக்டருங்க எல்லாம் மறைக்கிறீங்க.

பதில்: மறைக்கலங்க. ஊசி போன தடத்துல செல் ஒட்டி வளர்றது உண்மைதான், 100 பேர்ல 2, 3 பேருக்கு. மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு ரிப்போர்ட் பாக்காம சொல்ல மாட்டேன், ஆனா இந்த கேன்சர் பரவ ஊசியே தேவையில்ல, தானாவே ரத்தக்குழாய்க்குள்ள நுழையும், குழாய் முழுக்க கேன்சர் செல் அடைச்சுக்கிட்டு நிக்குறதை ஸ்லைடுல எத்தனையோ தடவ பாத்திருக்கேன். சிரோசிஸ் இல்லாத ஈரல்ல சந்தேகமான கட்டின்னா, குடல்லேர்ந்து வந்து படிஞ்சதா, ஈரல்லயே பொறந்ததான்னு தெரியாம வைத்தியம் எப்படி பண்றது? பயந்துபோய் மாசக்கணக்குல தள்ளிப்போட்டு வர்றவங்களைப் பாக்குறப்ப மனசு கேக்காது.

கேள்வி: ஏஎஃப்பி 8, ஓகேவா?

பதில்: மேல ஏஎஃப்பிக்கு சொன்ன பதிலையே படிங்க.

கேள்வி: எனக்கு சிரோசிஸ், ஏஎஃப்பி 15...

பதில்: மூணாவது ஏஎஃப்பி கேள்வி இது! நம்பரை விடுங்க, 6 மாசத்துக்கு ஒரு தடவ அல்ட்ராசவுண்டு எடுங்க, தவறாம.

கேள்வி: பூஞ்சை புடிச்ச கடலையை வறுத்தா பரவால்லயா?

பதில்: தூக்கிப் போடுங்க. அதுல வர்ற அஃப்ளடாக்சின்ங்கற விஷம் வறுத்தாலும் முழுசா போகாது.

கேள்வி: பொறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவசியமா?

பதில்: 24 மணி நேரத்துக்குள்ள போட்டுடணும். தைவான்ல 1984ல ஆரம்பிச்சாங்க, அந்தப் புள்ளைங்க வளர வளர குழந்தைங்களுக்கு வர்ற ஈரல் கேன்சரே கொறைஞ்சுடுச்சு. அம்மா பி பாசிட்டிவ்னா இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கிற ரெடிமேட் ஆன்டிபாடி) சேத்துப் போடணும், பிரசவத்துக்கு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, ராத்திரில பொறந்தா அலையக்கூடாது.