வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்காக வீட்டை விற்காதீர்கள்

செம்பவாங்கிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் 'ஏ' நிலைத் தேர்வில் நன்றாகத்தான் செய்திருக்கிறாள். இங்கே சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பு, வீட்டை விற்றுவிட்டு மூவறை வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறாராம் உங்கள் அண்ணன். மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த வீட்டைப் பற்றி எனக்கே கவலையாக இருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மத்திய சேமநிதிக் கல்விக் கடன் கிடைக்காது. வீட்டை விற்க வேண்டும் அல்லது வங்கியில் கடன்பட வேண்டும். அண்ணன் பாசத்தில் பேசுகிறார், தவணை கட்டப்போவது நீங்கள். வீடு போகும் திட்டத்துக்கு என் பதில், கூடாது.

உங்கள் கடிதத்தில் ஒரு புகார் இருந்தது. பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது, மகள் கட்டிலருகே உட்காராமல் ரத்தப் பரிசோதனை அறிக்கையையே புரட்டிக்கொண்டிருந்தாளாம். வீட்டிலும் எப்போதும் வைரஸ் பற்றிய பேச்சாம். இது புகாரா? அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். கணினி, கணக்கியல் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது உயிர் அறிவியல் பட்டமும் அதற்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக்கூடமும்.

அங்கே என்ன ஆராய்வார்கள் என்பதற்கு ஓர் உதாரணமாக எப்ஸ்டீன்-பார் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் கண்டறியப்பட்டது, பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடலில் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது வெள்ளணுக்களுக்குள் ஓசையின்றிக் கிடக்கிறது. சிலருக்கு மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் அதற்குப் பங்கு உண்டு. தென்சீன வம்சாவளியினரிடையே அதிகம் காணப்படும் நோய் என்பதால் சிங்கப்பூருக்கு இது அயல்வீட்டுச் சங்கதி அல்ல.

உறங்கும் வைரஸ் எதனால் விழிக்கிறது? அதன் டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றிக் கிடக்கிறது. அவற்றின் மேல் அசிட்டைல் என்ற வேதிக் குறி ஏறினால் சுற்று தளர்ந்து, வைரஸை எழுப்பும் மரபணு திறக்கிறது. அதிலிருந்து பிறக்கும் புரதத்தில் 'சூமோ' என்ற குட்டிப் புரதம் ஒட்டிக்கொண்டால் அதன் வீரியம் குறைகிறது. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவுக்கும் இப்படிக் குறிகள் உண்டு. எம்6ஏ என்ற மெத்தில் குறியை ஒரு நொதி இடும், இன்னொன்று அழிக்கும். அதை அடையாளம் காணும் புரதங்களைப் பொறுத்து அந்த ஆர்என்ஏ நிலைக்கும் அல்லது சிதையும். கப்போசி சார்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும், 1994இல் கண்டறியப்பட்ட வைரஸில், இதே குறி ஒரு வகைச் செல்லில் வைரஸுக்குத் துணைபோகிறது, இன்னொன்றில் குறுக்கே நிற்கிறது. ஏன் என்ற கேள்விக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. வேண்டுமென்றே வைரஸை எழுப்பி, கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தால் அது குடியிருக்கும் புற்றணுவைக் கொல்லும் சிகிச்சை முயற்சிகளும் நடக்கின்றன.

அன்றாட வேலை இப்படி இருக்கும்: தட்டில் வளரும் செல்களில் சோடியம் பியூட்டிரேட் என்ற வேதிப்பொருளை விட்டு வைரஸை எழுப்புவாள். எம்6ஏ குறியிடும் நொதியை முடக்கிய செல்களிலும் அதையே செய்வாள். இரண்டிலும் வைரஸ் புரதம் எவ்வளவு என்பதை புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையின் கறுப்புப் பட்டைகளில் ஒப்பிடுவாள். பட்டை மங்கலாக வந்தால் மறுநாள் முதலிலிருந்து. அறிக்கையை விடாமல் புரட்டுகிற பெண்ணுக்கு அந்தப் பொறுமை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

செலவுக்கு வருகிறேன். உள்ளூர்ப் பட்டத்துக்குக் கல்விக் கட்டண மானியம் உண்டு, சேமநிதியும் கைகொடுக்கும். முனைவர் பட்டத்துக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு உபகாரச் சம்பளம் கிடைத்தால், கட்டணமும் மாதப் படியும் அதிலேயே அடங்கும். அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார் தரும் சில உபகாரச் சம்பளங்களில், படித்து முடித்ததும் சில ஆண்டுகள் வேலை செய்தாக வேண்டிய பணிப் பிணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மருத்துவர் அளவுக்குச் சம்பளம் வராது. தொடக்கத்தில் ஒப்பந்த வேலைகளே அதிகம். அதை மகளிடம் மறைக்க வேண்டாம்.

பட்டப்படிப்பின் முதல் ஆண்டு விடுமுறையிலேயே ஆய்வுக்கூடப் பயிற்சி கேட்டு அவளே பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதட்டும், நீங்கள் எழுதித் தர வேண்டாம். சில வாரம் அங்கே நின்று பார்த்த பிறகும் மருத்துவம்தான் வேண்டும் என்று அவள் வாயால் சொன்னால், பட்டம் முடித்தவர்களைச் சேர்க்கும் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளி இங்கேயே இருக்கிறது. அண்ணன் மறுபடி கேட்டால், ஆஸ்திரேலியக் கட்டண விவரத்தை அவர் கையில் கொடுத்து, அவர் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.