வீரா ஜெர்மனி போகலாம், ஜூனில் மட்டும் முடியாது

கேள்வி: டாக்டர், நாங்கள் மதுரையில் இருக்கிறோம். கணவருக்கு மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில், ஜூன் முதல் வாரம் கிளம்புகிறோம். எங்கள் வீரா 3 வயது ராஜபாளையம் நாய், 30 கிலோ. ஒரு நாள் ஓட விடாவிட்டால் வீட்டையே தலைகீழாக்கிவிடுவான். ஜனவரியில் ரேபிஸ் ஊசி போட்டோம், மார்ச்சில் மைக்ரோசிப் வைத்தோம். தூக்க மருந்து கொடுத்து ஏற்றிவிடலாம் என்கிறார் கொழுந்தனார். சரியாக வருமா?

பதில்: வீராவைக் கூட்டிப் போகலாம். ஆனால் ஜூனில் முடியாது, ஆகஸ்ட் நடுவில்தான். தூக்க மருந்தை மறந்துவிடுங்கள்.

சிக்கல் உங்கள் தேதிகளிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி முதலில் சிப், பிறகுதான் ரேபிஸ் ஊசி. இரண்டும் ஒரே நாளில் என்றாலும் சரி. சிப் இல்லாதபோது போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லையே! அதனால் வீராவின் ஜனவரி ஊசி செல்லாது. இந்த வாரமே புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள். போடும் முன் ஸ்கேனரில் சிப்பைப் படிக்கச் சொல்லி, 15 இலக்கமும் தடுப்பூசிப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். இரண்டு இலக்கம் இடம் மாறியதால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கிய லாப்ரடார் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது.

ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் வர வேண்டும். முன்பே ஊசிகள் போட்ட நாய் என்பதால் வீராவுக்கு அது பெரும்பாலும் வந்துவிடும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் நாய்களுக்கு இதில் சலுகை கிடையாது. ஏப்ரல் 10-ல் ஊசி என்றால் மே 10-ல் ரத்தம், ஆகஸ்ட் 10-க்குப் பிறகு பயணம். அடுத்தடுத்த ஊசிகளைக் காலாவதிக்கு முன்பே போட்டுவந்தால் இந்த ரத்தப் பரிசோதனை மறுபடி தேவைப்படாது.

அப்புறம், யார் எப்போது போவது? நாய் பயணம் செய்வதற்கு முன்போ பின்போ 5 நாளுக்குள் உரிமையாளரும் பயணம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது வணிக இறக்குமதிக் கணக்கில் போய்விடும். அதன் விதிகள் வேறு. உங்களால் முடியுமானால், கணவர் ஜூனில் போகட்டும், நீங்கள் ஆகஸ்டில் வீராவோடு போங்கள். புத்தகம், சான்றிதழ் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கடைசி வாரத்தில் சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்கு குவாரன்டைன் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐரோப்பியச் சுகாதாரச் சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இவ்வளவுதான் காகித வேலை. உங்கள் நாயைப் பொறுத்தவரை எனக்கு இதைவிடக் கூண்டுதான் கவலை.

மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்கால் முழங்கையிலிருந்து தரை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தில் இரண்டு பங்கு, கூண்டின் அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலையோ காதோ இடிக்கக் கூடாது. ராஜபாளையம் கால் நீண்ட இனம். கடையில் கிடைக்கும் மிகப் பெரிய பிளாஸ்டிக் கூண்டே சுமார் 122 × 81 × 89 செ.மீ. தான், வீராவுக்கு அந்த உயரம் போதாமல் மரக்கூண்டு செய்ய வேண்டியிருக்கலாம். ஆர்டர் கொடுக்கும் முன் விமானத்தின் சரக்குக் கதவு உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கார்கோவில் கட்டணம் பெரும்பாலும் நாயின் எடைக்கு அல்ல, கூண்டு அடைக்கும் இடத்துக்குத்தான். மேலே சொன்ன மூன்று அளவையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 147 கிலோ. 30 கிலோ நாய்க்கு 147 கிலோ காசு!

ஓடிப் பழகிய நாயைத் திடீரென்று பத்து மணி நேரத்துக்கு மேல் அடைத்தால் பல்லால் கம்பியைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக்கிக்கொள்ளும். அதனால் கூண்டை இப்போதே வாங்கிவிடுங்கள். காத்திருக்கும் நாலு மாதமும் இதற்குத்தான். முதல் இரண்டு வாரம் கதவைக் கழற்றிவிட்டு ஹாலில் போடுங்கள், சாப்பாடு அதற்குள்ளேதான். பிறகு அவன் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கதவை மூடுங்கள். நன்றாக ஓடிவிட்டு வந்து தானாகக் கண் அசரும் நேரம் பார்த்து அரை மணி, ஒரு மணி, கடைசியில் ஒரு இரவு முழுக்க. குரைக்கும்போது திறக்காதீர்கள், குரைத்தால் கதவு திறக்கும் என்று ஒரே நாளில் கற்றுக்கொள்வான். ஆனால் எச்சில் வடித்து, நடுங்கி, கம்பியைக் கடித்தால் அது பயம். உடனே திறந்துவிட்டு, மறுநாள் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். ஜூலையில் ஒரு குட்டி யானை வண்டி பிடித்து, வெயில் ஏறும் முன் கூண்டோடு ஏற்றி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ரிங் ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். ஆட்டமும் சத்தமும் பழகட்டும்.

தூக்க மருந்து ஏன் வேண்டாம்? அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சீராக வைக்கும் திறனைக் கெடுக்கும், கூண்டு ஆடும்போது கால் ஊன்ற முடியாமல் செய்யும். சரக்கு அறையில் பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் கிடையாது. மயங்கிய நாயை விமான நிறுவனங்கள் ஏற்றவும் மாட்டா.

கிளம்பும் நாளில் வெயில் தாழ்ந்ததும் நீண்ட நடை, விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பு கொஞ்சம் சோறு, தண்ணீர் எப்போதும். உங்கள் பழைய நைட்டி ஒன்றைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள்.

அங்கே போனதும் நகராட்சியில் பதிந்து நாய் வரி கட்ட வேண்டும். நாய் செய்யும் சேதத்துக்கு, உங்கள் மேல் தப்பே இல்லாவிட்டாலும், நீங்கள்தான் பொறுப்பு. நாய்க்கான பொறுப்புக் காப்பீட்டை முதல் வாரமே எடுங்கள். நாயே கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதிவைப்பது செல்லாது என 2013-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் வேட்டை நாய். காட்டோரம் முயலோ மானோ கண்ணில் பட்டால் உங்கள் குரல் காதில் ஏறாது. வன விலங்கைத் துரத்தும் நாயைச் சுட வேட்டைக்காரர்களுக்கு அங்கே சட்டம் சில சூழலில் இடம் தருகிறது. அதனால் காட்டுப் பக்கம் 10 மீட்டர் நீளக் கயிறு கட்டாயம். ஓட்டத்துக்கு வேலி போட்ட நாய்த் திடல்களைத் தேடுங்கள். நவம்பருக்குள் ஒரு குளிர் கோட்டும் வாங்கிவிடுங்கள், அவன் முடி மதுரை வெயிலுக்கு ஏற்ற குட்டை முடி.