ஊ நுவுக்கு நாற்காலி, நே வினுக்கு ஆர்மி: ஒரு கடிதம்

அண்ணே வணக்கம். பர்மா சுதந்திரத்துக்குப் போராடின ஆங் சான் செத்ததும் ஊ நு பிரதமரா வந்தாரு, ஜனங்களும் ஏத்துக்கிட்டாங்க, எலக்சன்லயும் ஜெயிச்சாரு. அப்புறம் எப்படி எல்லாம் ஆர்மி ஜெனரல் நே வின் கைக்குப் போச்சு? வீட்ல பெரியவங்க "ஊ நு சாமியார் மாதிரி, அதான்"னு முடிச்சிடுறாங்க. இன்னொன்னு, நே வின் காலத்து நோட்டுல ஆங் சான் படம் ஏன் இருந்துச்சு?
(வாசகர், மோல்மேன்)

தம்பி,

சாமியார் கதை பாதிதான். 1961ல பௌத்தத்தை அரசு மதமாக்கி வடக்குல இருக்கிற, பெரும்பாலும் கிறிஸ்தவங்களான கச்சின் இனத்தாரைப் பகைச்சுக்கிட்டாரு, அது சரி, ஆனா அவர் கோட்டை விட்டது அதுக்கும் ரொம்ப முன்னாடி.

1947 ஜூலை 19, செக்ரடேரியட்ல ஆங் சானையும் மந்திரிங்களையும் சுட்டதும் பிரிட்டிஷ் கவர்னர் ரான்ஸ் உடனே ஊ நுவைக் கூப்பிட்டு கேபினட் அமைக்கச் சொல்லிட்டாரு, அதனால நாற்காலிச் சண்டையே வரல. சண்டை வந்தது வெளியில. சுதந்திரம் வாங்கின சூட்டோட கம்யூனிஸ்டுங்க காட்டுக்குப் போயிட்டாங்க, 1949ல கரேன்னு ஒரு சிறுபான்மை இனத்தோட கிளர்ச்சிக்காரங்க ரங்கூன் பக்கத்துல இன்செய்ன் வரைக்கும் வந்துட்டாங்க. ஆர்மி சீஃப் ஸ்மித் டன் ஒரு கரேன், அவரை லீவுல அனுப்பிட்டு அந்த இடத்துல நே வினை உக்கார வச்சாங்க. என்னைக் கேட்டா எல்லாம் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு.

மனுஷன் அவசரமே படல. தன்னோட பழைய நாலாவது பர்மா ரைபிள்ஸ் ஆளுங்களைப் பாத்து பாத்து முக்கியமான போஸ்டிங்ல போட்டாரு. 1951ல ராணுவத்தாருக்குச் சாமான் விக்கிற கடையா ஆரம்பிச்ச டிஎஸ்ஐங்கிற ஆர்மி நிறுவனம், பத்து வருஷத்துல பேங்க், கப்பல் கம்பெனின்னு வளந்துடுச்சு, அதாவது சோறு போடுறது யாருன்னு ஆர்மிக்காரனுக்கு நல்லாத் தெரியும். 1958ல ஆளும் கட்சி ரெண்டாப் பிளந்தப்போ ஊ நுவே நே வினைக் கூப்பிட்டு ஆட்சியைக் கையில குடுத்தாரு. 1960ல நே வின் எலக்சன் நடத்தித் திருப்பியும் குடுத்தாரா, ஊரே நம்பிடுச்சு. மறு வருஷமே தனக்குச் சரிப்படாத பெரிய ஆபீசருங்களைக் கழட்டி விட்டாரு, 1962 மார்ச் 2 விடியறதுக்குள்ள ஆர்மி ஆட்சியைப் பிடிச்சுடுச்சு, ஊ நு கைதாகி உள்ள.

அதுக்கப்புறம்தான் வேகம். ஜூலைல மாணவர்களைச் சுட்டு, ஒரு காலத்துல ஆங் சானும் ஊ நுவும் தலைவரா இருந்த மாணவர் சங்கத்தோட கட்டடத்தையே வெடி வச்சுத் தகர்த்தாங்க. 1963ல ரெண்டாமிடத்துல இருந்த ஆங் ஜீ வெளிய போனாரு. 1964 மார்ச்ல மத்த கட்சி எல்லாம் தடை, அதே மாசம் ரங்கூன்ல நம்ம ஆளுங்க கடை எல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு. முதலாளி பேரை எடுத்துட்டு "மக்கள் கடை"ன்னு நம்பர் போட்ட போர்டை மாட்டுனாங்க. மே மாசம் 50, 100 கியாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாதுன்னாங்க. மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினவங்க அங்க பர்மா பஜார் போட்ட கதை உங்களுக்கே தெரியும்.

நோட்டுக்கு வரேன். நே வினும் ஆங் சானோட சேர்ந்து ஜப்பான்காரங்ககிட்ட ட்ரெய்னிங் எடுத்த முப்பது பேர்ல ஒருத்தர். ஓட்டு வாங்காம வந்தவருக்கு "இது ஆங் சானோட ஆர்மி"ங்கிறதை விட்டா சொல்லிக்க வேற என்ன இருக்கு? அதனால படத்தை விடவே இல்ல. 75 கியாட், 35 கியாட்னு விசித்திரமான நோட்டு அடிச்சப்பவும் முகம் ஆங் சான்தான், 1987ல அந்த ரெண்டையும் 25ஐயும் ஒரே நாள்ல செல்லாதாக்குனப்போ சல்லிக்காசு நஷ்டஈடு கிடையாது. அடுத்த வருஷம் பசங்க அதே ஆங் சான் படத்தைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க, கூடவே அவர் மகள் ஆங் சான் சூச்சியும் மேடை ஏறிட்டாங்க. அப்புறம் வந்த ஜெனரலுங்க உஷாராகி நோட்டுல சிங்கத்தைப் போட்டுட்டாங்க.