லேப்டாப்பில் டிவிடி டிரைவ் எங்கே போனது? கேள்வி பதில்

லேப்டாப் பிரித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. டிவிடி டிரைவ் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் நடுவில் சொல்வேன், அதுதான் எனக்கு முக்கியம்.

கேள்வி: புது லேப்டாப்பில் நாலு பக்கமும் தேடிவிட்டேன் சார், டிரைவே இல்லை. காசு மிச்சம் பிடிக்கத்தான் எடுத்துவிட்டார்களா?

காசும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் இடம். சிடி, டிவிடி, ப்ளூரே எல்லாமே 12 செ.மீ. குறுக்களவு, அதைச் சுருக்க வழியே இல்லை. லேப்டாப்புக்கான டிரைவ் ரொம்ப நாள் 12.7 மி.மீ. தடிமனில் வந்தது, அப்புறம் 9.5-க்கு இறங்கியது, அதற்குக் கீழே போவது பெரும்பாடு. மூடிய லேப்டாப்பே மொத்தம் 17, 18 மி.மீ.தான் என்று ஆனபிறகு திரையும் கீபோர்டும் போர்டும் போக இதற்கு எங்கே இடம்? அந்த இடத்தில் பேட்டரியைப் பெரிதாக வைத்தால் கூடுதல் நேரம் ஓடும். பக்கவாட்டில் அவ்வளவு நீளத் திறப்பு இல்லாவிட்டால் உடலும் உறுதியாக இருக்கும். மோட்டார், நகரும் லென்ஸ், நீளும் டிரே என்று சீக்கிரம் பழுதாகிற பாகங்களும் குறைந்தன. நான் பிரித்த பழைய லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் டிரைவ் செத்துப்போய்த்தான் இருந்தது, பலருக்கு அது தெரியக்கூட இல்லை.

கேள்வி: அப்போ ஆப்பிள்தான் இதை ஒழித்தது என்பது உண்மையா அண்ணா?

முழுதாக இல்லை. 2007-லேயே ஆசுஸ் ஈ பிசி மாதிரி குட்டி நெட்புக்குகள் டிரைவ் இல்லாமல் வந்துவிட்டன. 2008 ஜனவரியில் மேக்புக் ஏர் வந்தபோதுதான் எல்லோரும் பேசினார்கள். சாஃப்ட்வேர் எப்படிப் போடுவது என்ற கேள்விக்கு, பக்கத்தில் இருக்கும் வேறு கணினியின் டிரைவை வயர் இல்லாமல் கடன் வாங்கிக்கொள்ளும் வசதியை அதில் கொடுத்திருந்தார்கள். ஆனால் டிரைவ் உள்ள கடைசி மேக்புக் ப்ரோ 2016 அக்டோபர் வரைக்கும் விற்பனையில் இருந்தது, அதையும் பார்க்க வேண்டும். உண்மையில் ஒழித்தது பென்டிரைவும் இணைய வேகமும்தான். ஒரு டிவிடியில் ஒரு அடுக்குக்கு 4.7 ஜிபி, இரண்டு அடுக்கென்றால் 8.5 ஜிபி. சாதாரண பென்டிரைவே அதைத் தாண்டியபிறகு யார் டிஸ்கில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

கேள்வி: யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் வாங்கினேன். டிஸ்க் போட்டால் சுற்ற ஆரம்பிக்கிறது, டக்கென்று நின்றுவிடுகிறது, திரும்பத் திரும்ப இதே கதை. டிரைவ் போச்சா?

பெரும்பாலும் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும், மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. நின்றுகிடக்கும் டிஸ்கைச் சுற்ற வைக்கும் அந்த முதல் நொடிகளில்தான் டிரைவ் அதிகம் இழுக்கும். ஹப் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) வழியாக மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு நேரே லேப்டாப்பில் மாட்டுங்கள். நீளமான கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் இரண்டு துளையில் மாட்டும் ஒய் கேபிள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப்.

கேள்வி: விண்டோஸில் டிவிடி படம் ஓடவில்லை.

2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி அதனுடன் சேர்ந்து வருவதில்லை. விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போடுங்கள், இலவசம். ஒரு எச்சரிக்கை: டிரைவின் ரீஜன் எண்ணை, அதாவது உலகின் எந்தப் பகுதிக்கான டிவிடி படத்தை ஓட்டலாம் என்று குறிக்கும் எண்ணை, 5 முறைதான் மாற்ற முடியும், அதற்கப்புறம் கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். மாற்றட்டுமா என்று கணினி கேட்கிறதே என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாமா?

தாராளமாக. எஸ்எஸ்டி என்பது சுற்றும் பாகம் இல்லாத, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம். டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் பொருந்தி உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்கையோ எஸ்எஸ்டியையோ தாங்கும் கேடி (caddy) என்ற சட்டகம் கிடைக்கும், வாங்குமுன் உங்கள் டிரைவின் தடிமன் 12.7-ஆ 9.5-ஆ என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்கைக் கேடிக்கு மாற்றுங்கள், ஏனென்றால் சில மாடல்களில் டிவிடி டிரைவுக்கான இணைப்பு வேகம் குறைந்தது. ஆனால் கழற்றுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் டிஸ்கையெல்லாம் அதே டிரைவில் போட்டுப் பிரதி எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

கேள்வி: 2006-ல் எடுத்த எங்கள் கல்யாண வீடியோ டிவிடி பாதியில் நின்றுவிடுகிறது. வேறு பிரதி இல்லை. ஏதாவது வழி உண்டா சார்?

உண்டு, மனம் தளராதீர்கள். முதல் வேலை, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் பதிந்த சுற்றுத் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அதைப் படிப்பது கஷ்டம். பற்பசை தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

அப்புறம் டிரைவை மாற்றிப் பாருங்கள். ஒன்று படிக்காத டிஸ்கை இன்னொன்று படிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிரைவ் கிடைத்தால் அதையும் முயன்று பாருங்கள். கோப்புகளை இழுத்துப் போட்டு காப்பி செய்ய வேண்டாம், ஒரு இடத்தில் தடுக்கினால் மொத்தமும் நின்றுவிடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, அது படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு முடியாததைக் குறித்து வைத்துக்கொள்ளும், பிறகு அதே டிஸ்கை வேறொரு டிரைவில் போட்டு விடுபட்ட இடங்களை மட்டும் படிக்கச் சொல்லலாம். இப்படி மூன்று டிரைவ் மாற்றி ஒரு டிஸ்கை முழுதாக மீட்டிருக்கிறேன், இரண்டு நாள் ஆனது. கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு டிஸ்கின் நகலான ஒற்றைக் கோப்பை, விஎல்சியே ஓட்டும்.

நாம் எழுதிய டிஸ்கில் பெரும்பாலும் தகவலைத் தாங்கி நிற்பது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் வெப்பமும் பட்டால் அது வெளுத்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிடியில் தகவல் இருப்பது எழுத்து அச்சடித்த பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான், அதனால் மேல்பக்கக் கீறல்தான் அதைக் கொல்லும். டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது.

கேள்வி: இப்போதும் ப்ளூரேயில் பேக்கப் எடுப்பவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், காரணமும் நல்ல காரணம்தான். ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்கில் இருப்பதை எந்த வைரஸும் மாற்ற முடியாது. ஆனால் சோனியே 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூரே டிஸ்க் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே டிரைவ் வைத்திருந்தால் தொடருங்கள், புதிதாக இதில் இறங்க நான் சொல்லமாட்டேன். தனித்தனியான இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் நூறு டிஸ்காவது இருக்கும். எதிலிருந்து தொடங்குவது?

கையால் பெயர் எழுதிய டிஸ்குகளிலிருந்து. படமும் சாஃப்ட்வேரும் ஆலையில் அச்சானவை, அவை நீண்ட நாள் தாங்கும், வேறு எங்காவது கிடைக்கவும் செய்யும். நீங்களே எழுதிய புகைப்படம், குழந்தையின் குரல், வீடியோ இதெல்லாம் உலகத்தில் அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருக்கும். அதில் பழையது எதுவோ அதை இன்று இரவே போடுங்கள், படிக்க மறுத்தால் மேலே சொன்னபடி செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.