கல் ஒளிராவிட்டால் முதலில் ரோச்சைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

புறஊதாக் கதிர் பட்டால் இருட்டில் நிறம் நிறமாக ஒளிரும் கற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்புக்கு வன்னியின் நாலா பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா ரோச் ஒன்று வாங்கினேன். எந்தக் கல்லில் அடித்தாலும் முழுக்க ஊதாவாகத்தான் தெரிகிறது. கல்லில் பிழையா, ரோச்சில் பிழையா?
(உயர்தர மாணவர், கிளிநொச்சி)

ரோச்சில்தான். மலிவான ஊதா ரோச்சுகள் பெரும்பாலும் 395 நனோமீற்றர் அலைநீளத்தில் எரிகின்றன. அது கண்ணுக்குத் தெரியும் ஊதாவின் ஓரம். கல்லில் பட்டுத் திரும்பும் ஊதா, கல்லுக்குள்ளிருந்து வரும் மெல்லிய ஒளியை மூடிவிடுகிறது. 1852இல் அறிவியலாளர் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் விளக்கியது இதைத்தான்: குறுகிய அலைநீளக் கதிரைக் கனியம் உள்வாங்குகிறது, அதைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளியை வெளிவிடுகிறது. உள்ளே போகும் கதிர் கண்ணுக்குத் தெரியாததாக இருந்தால்தான் வெளியே வரும் நிறம் சுத்தமாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை விடும் 365 நனோமீற்றர் ரோச் வாங்குங்கள். முன்பக்கத்தில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி இருக்க வேண்டும். விற்பவரிடம் ‘இசட் டபிள்யூ பி 2’ என்று கேட்டால் புரியும். 365 என்று எழுதியிருந்தும் அந்தக் கண்ணாடி இல்லாத ரோச்சுகள் உண்டு. அவற்றிலும் வெண்ணீல ஒளி கசியும். சோதிப்பதற்கு வெள்ளைக் கடதாசி உதவாது. கடதாசியிலும் சலவைத்தூளிலும் ஒளிரும் சாயம் கலந்திருப்பதால் எந்த ரோச்சுக்கும் அவை பளீரென்று நீலமாகும். இருட்டில் ஒரு சில்வர் தட்டில் அடித்துப் பாருங்கள். தட்டு ஊதாவாகப் பளபளத்தால் வடிகட்டி இல்லை அல்லது தரமில்லை. மிக மங்கலாக மட்டும் தெரிந்தால் நல்லது.

இந்த ரோச்சுகளுக்கு 18650 அளவு லிதியம் பற்றரி வேண்டும். அந்த அளவில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டு விற்பவை பொய். உண்மையானவை ஏறக்குறைய 3500க்குள் நின்றுவிடும். பொய் பற்றரி போட்டால் சில நிமிடங்களில் ஒளி மங்கும், நீங்களோ கல்லைக் குறை சொல்வீர்கள். வடிகட்டிக் கண்ணாடி வேலைசெய்யும்போது நன்றாகச் சுடும். சூட்டோடு ஈரம் பட்டால் கண்ணாடியில் விரிசல் விழும்.

வவுனியாப் பக்கத்துக் கற்குவாரிச் சல்லியில் ஒளிரும் கல் கிடைக்குமா?
(சாரதி ஒருவர், செட்டிகுளம்)

365 ரோச்சுக்கு மிகக் குறைவு. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனம் சலிக்காது. இலங்கையின் பழம்பாறைப் பிரிவுகளில் ஒன்றுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயர். வவுனியாவில் உடைக்கும் கருங்கல் அந்த வகைப் பாறைதான். அதில் பளிங்குப் படிகமும் களிக்கல்லும் கறுப்பு மைக்காவும் செந்நிறக் காணற்றும் இருக்கும். மைக்காவிலும் காணற்றிலும் உள்ள இரும்பு, ஒளிர்வை அணைத்துவிடும். ஒரு கனியத்தில் ஒளிரத் தூண்டும் மாசு சிறிதளவு இருந்தாலும், கூடவே இரும்பு அதிகமிருந்தால் கல் இருட்டாகவே கிடக்கும். நம்மூர்க் காணற் எத்தனை அழகாக இருந்தாலும் கதிரின் கீழ் கரிதான்.

ஆனாலும் சல்லிக் குவியலில் இரண்டு விடயங்களைத் தேடலாம். ஒன்று, பாறை வெடிப்புகளில் வெள்ளைத் தோலாகப் படிந்திருக்கும் கல்சைற் (சுண்ணக்கல்லில் உள்ள கனியம்). மங்கனீசு சிறிதளவு கலந்திருந்தால் 254 நனோமீற்றர் விளக்கின் (365ஐவிடக் குறுகிய அலைநீளப் புறஊதா விளக்கின்) கீழ் செம்மஞ்சளாக எரியும். மற்றது, பாறைக்குள் ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும் சிர்கோன். இதற்கும் 254 தேவை. கல்லை முதலில் பல்தூரிகையால் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். சவர்க்காரம் மிச்சமிருந்தால் நீலமாக ஒளிரும். உடை நார், எஞ்சின் ஒயில், பாசிப்பூசணம், பசை எல்லாமே ஏமாற்றும். புதிதாக உடைத்த முகத்திலும் அதே நிறம் வந்தால்தான் அது கல்லின் ஒளி.

மன்னார்க் கரையோரச் சுண்ணக்கல்லுக்கு 365 போதும். பலவற்றில் மங்கலான பாற்கட்டி நிறம் தெரியும். ரோச்சை அணைத்ததும் ஓரிரு செக்கன் ஒளி நீடித்தால் இன்னும் நல்ல துண்டு. ரோச்சை அணைக்கும்போது கண்ணை மூடியிருந்து, அணைத்த கணமே திறந்தால் அது தப்பாது.

அழகான நிறத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இரத்தினபுரிப் பக்கத்து ‘இல்லம்’ எனப்படும் இரத்தினக்கல் சரளையில் கழித்த துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நகைக்கு உதவாத, கீறல் விழுந்த சிவப்புக்கல்லும் ஸ்பினலும் குறோமியத்தால் 365இன் கீழ் நெருப்புத்தணல் போலச் சிவக்கும். இலங்கை மஞ்சள் நீலக்கல்லில் பல செம்மஞ்சளாக ஒளிரும். சிவப்புக்கல்லும் நீலக்கல்லும் குருந்தம் என்ற ஒரே கனியத்தின் வகைகள்; இலங்கைக் குருந்தத்தில் இரும்பு குறைவு என்பதே காரணம். இந்த வகையில் உலகச் சேகரிப்பாளர்கள் தேடுகிற கல் நம் நாட்டிலேயே இருக்கிறது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கறுப்பு மணல் கோடுகோடாகக் கிடக்கிறது. அதில் மஞ்சளாக ஒளிரும் மணிகள் உண்டு என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?
(ஆசிரியை, முள்ளியவளை)

அந்த மணிகள் சிர்கோன். கறுப்பு நிறம் பெரும்பாலும் இல்மனைற். கூடவே றூட்டைல், காணற், கொஞ்சம் மொனசைற். புல்மோட்டையில் அரசு எடுப்பதும் இதே கனிய மணல்தான். அந்த எல்லைக்குள் கால் வைக்க வேண்டாம். வேறு இடத்திலும் மணல் அகழ, ஏற்ற, விற்க 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். வகுப்பறைக்கு ஒரு கைப்பிடி போதும். அதற்கும் பிரதேச செயலகத்தில் சொல்லிவிட்டு எடுப்பதே முறை.

நாலு மேசைக்கரண்டி மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி உப்பைப் போக்குங்கள். சில்வர் தட்டில் பரப்பி, பொலுபொலுவென்று உதிரும்வரை வெயிலில் காயவிடுங்கள். அரைகுறை ஈரத்தோடு காந்தம் பிடித்தால் மணிகள் கட்டியாக ஒட்டிக்கொண்டு எல்லாமே மேலே வரும்.

பழைய ஹாட் டிஸ்க்கில் கழற்றிய நியோடிமியக் காந்தத்தைச் சிறிய பொலித்தீன் பைக்குள் போட்டு, மணலுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே மெல்ல இழுங்கள். முதலில் மக்னரைற் தாவும். அதை வேறு தாளில் உதிர்க்க, பைக்குள்ளிருந்து காந்தத்தை வெளியே எடுத்தாலே போதும். பிறகு காந்தத்தை இன்னும் தாழ்த்தி, மணலைத் தொடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது இல்மனைற்றும் காணற்றும் வரும். அவசரப்பட்டு முதலிலேயே அழுத்தினால் கூட்டமாக வரும் கறுப்பு மணிகள் சிர்கோனையும் இழுத்துச் செல்லும். கறுப்பு வருவது நிற்கும்வரை பத்துப் பதினைந்து தடவை திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும்.

மிச்சத்தில் சிப்பித் தூள் இருந்தால் அதுவும் வெளிறி ஒளிர்ந்து குழப்பும். மணல் மூழ்க வினாகிரி ஊற்றி, குமிழி நிற்கும்வரை விடுங்கள். அலசியபின் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில், சரித்த தட்டில் அரிசி களைவதுபோல ஆட்டுங்கள். திரவம் விடாவிட்டால் நுண்மணிகள் நீர்ப்பரப்பில் மிதந்து ஓடிவிடும். பாரம் குறைந்த வெண்மணல் முதலில் வழியும். கடைசியில் தட்டின் அடியில் தங்குவதில்தான் சிர்கோன் இருக்கும். திரவம் ஒட்டாமல் வெறுந்தண்ணீரில் இன்னொருமுறை அலசிக் காயவைத்து 254 விளக்கில் பாருங்கள். கடுகு மஞ்சள். 365இல் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, பிரித்தது பிழை என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.

மொனசைற்றில் தோரியம் உண்டு. ஆகவே காய்ந்த மணலை ஊதக்கூடாது, கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது, படுக்கும் அறையில் வைக்கக்கூடாது. ஒரு சிறு மூடிபோட்ட போத்தலுக்கு மேல் சேர்க்கத் தேவையுமில்லை.

ஒளிரும் கல் எல்லாம் கதிரியக்கக் கல்லா? வீட்டில் அம்மா பயப்படுகிறார்.
(மாணவி, மாங்குளம்)

இல்லை. கல்சைற், சிவப்புக்கல், புளோரைற் ஒளிர்வதற்கும் கதிரியக்கத்துக்கும் தொடர்பில்லை. மறுபக்கமும் அப்படியே: ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனியவள ஆய்வுக்குத் தலைமை வகித்த காலத்தில், 1904இல், இந்நாட்டிலிருந்து உலகுக்கு அறிமுகமான தோரியனைற் கடும் கதிரியக்கம் உள்ளது, ஆனால் கறுப்பு. ஒளிராது. இரண்டும் சேர்ந்த கற்களும் உண்டு. யுரேனியம் கொண்ட ஒட்டுனைற் பச்சை கலந்த மஞ்சளாகப் பளீரிடும். அதைச் சேகரிப்பின் ஆரம்பத்தில் வாங்க வேண்டாம். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

254 விளக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
(அறிவியல் கழகப் பொறுப்பாசிரியர், நெடுங்கேணி)

காட்டலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மட்டும். 254 கதிர் சூரியனிலிருந்து நம் தரைக்கு வராத கதிர். கண்ணின் மேற்பரப்பைச் சுடும். சுடுவது அப்போது தெரியாது. பல மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல வலி எழும்பும். அப்படி வந்தால் கசக்காமல், வீட்டிலிருக்கும் பழைய சொட்டுமருந்து விடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

பெட்டியைச் செய்வது இலேசு. பலகைப் பெட்டியின் உள்ளே மங்கல் கறுப்புப் பூச்சு, விளக்கு மேற்பக்கம், முன்னால் 3 மில்லிமீற்றர் சாதாரண யன்னல் கண்ணாடி. அந்தக் கண்ணாடி 254ஐ முற்றாக மறித்துவிடும், கல்லின் நிறம் மட்டும் வெளியே வரும். இதே காரணத்தால் கண்ணாடி மூடிபோட்ட பேழைக்குள் இருக்கும் கல்லுக்கு வெளியிலிருந்து 254 அடித்தால் ஒளிராது. கல் மாற்றும்போது விளக்கை அணையுங்கள். விளக்கை இயக்குபவருக்குப் பக்கமும் மூடிய பொலிகாபனேற் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக்கை, கையுறை அவசியம். 254 கதிரை விடும் கிருமிநீக்க ரியூப்பை வடிகட்டியில்லாமல் வெறுமனே எரிக்கும் யோசனை சிலருக்கு இருக்கிறது. செய்யாதீர்கள். அறை முழுவதும் கதிர் பரவும், நீல வெளிச்சத்தில் கல்லின் நிறமும் தெரியாது.

இரவில் காட்டுக்கரையில் ரோச்சோடு தேடினால்?
(புதுக்குடியிருப்பு)

வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிக்காத இடங்கள் இன்னும் உண்டு, யானையும் உண்டு. ஒளிரும் கல்லைப் பார்த்தபடி நடப்பவர் காலடியைப் பார்ப்பதில்லை. பகலில், வண்டி ஓடும் பாதையோரத்திலோ தெரிந்தவர் காணியிலோ உரிமையாளரைக் கேட்டு எடுங்கள். வீட்டில் யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, பத்து நிமிடம் இருட்டுக்குக் கண் பழகியபின் பாருங்கள். கல்லைத் தேடும்போது துருப்பிடித்த இரும்பு எது கண்டாலும் தொடாமல் விலகி, 119க்குச் சொல்லுங்கள்.

முற்றத்தில் நீலப்பச்சையாக ஒன்று ஒளிர்ந்தது, ஓடியும் போனது!
(துணுக்காய்)

தேள். அதன் தோல் 365இல் அப்படித்தான் ஒளிரும். நட்டுவக்காலியும் அதேபோல. பின்வளவுக்குப் போகுமுன் ரோச்சால் ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

இணையத்தில் ‘இரவு முழுக்க ஒளிரும் இயற்கைக் கல்’ விற்கிறார்கள். வாங்கலாமா?
(பூநகரி)

மணிக்கணக்காகப் பச்சையாக ஒளிர்வது பெரும்பாலும் ஸ்ரொன்சியம் அலுமினேற் பூச்சு. கல்சைற்றின் பின்னொளி செக்கன்களில் அடங்கும். பணத்தை ரோச்சுக்குச் செலவிடுங்கள்.

கற்களை மற்றச் சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ள விரும்புகிறேன். எப்படி அனுப்புவது?
(இளைப்பாறிய தபாலதிபர், வவுனியா)

கல்லைவிட அதன் சீட்டு முக்கியம். எடுத்த ஊர், குவாரி அல்லது கரை, மாதம், ஆண்டு, எந்த அலைநீளத்தில் என்ன நிறம், பின்னொளி உண்டா என்பவற்றை எழுதுங்கள். கனியத்தின் பெயர் உறுதியில்லை என்றால் ‘வெள்ளைத் தோல், 254இல் செம்மஞ்சள்’ என்று கண்டதையே எழுதுங்கள். ஊகித்த பெயர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது உண்மையாகிவிடும், பிறகு திருத்த முடியாது. கல்லின் ஒளிராத பக்கத்தில் சிறு இலக்கமிட்டு, அதே இலக்கத்தைச் சீட்டிலும் கொப்பியிலும் பதியுங்கள். ஒளிரும் முகத்தில் பசையோ நகப்பூச்சோ படக்கூடாது.

ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே மென்கடதாசியில் சுற்றி, பிறகு குமிழ்த்தாளில் சுற்றுங்கள். கல்சைற் நகக்கீறலுக்குத் தாங்கும், ஆனால் கருங்கல்லோடு உரசினால் விளிம்பு உதிரும். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. சிவப்புக்கல், ஸ்பினல் போன்றவை கழிவுத்துண்டாக இருந்தாலும் வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் கேட்க வேண்டும். மொனசைற் கலந்த மணலைத் தபாலில் போடவே வேண்டாம். முதல் மாற்றத்துக்கு மன்னார்ச் சுண்ணக்கல் நல்ல தெரிவு: 365 ரோச் ஒன்றே போதும், பெறுகிறவரும் அன்றிரவே அதைப் பார்க்கலாம்.