திறந்த சுவர் யாருக்கு? கிராஃபிட்டி பற்றிய கேள்வி பதில்

கட்டடக்கலை மாணவி: அக்கா, வரையலாம் என்று நகராட்சியே சொல்லிவிட்ட சுவரில் வரைவதும் கிராஃபிட்டிதானா?

கிராஃபிட்டிதான். சுவரில் ஸ்ப்ரே வண்ணத்தால் எழுதுவதும் வரைவதும்தான் அது. ஆஸ்திரியாவின் வியன்னாவில் டான்யூப் கால்வாய்க் கரையிலும் வேறு சில இடங்களிலும் இப்படிச் சுவர்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். புறா உருவம் பதித்த சுவர் என்றால் யார் வேண்டுமானாலும் ஸ்ப்ரே அடிக்கலாம். விண்ணப்பமோ தேர்வுக் குழுவோ கிடையாது. இன்று நீங்கள் வரைந்ததன்மேல் நாளை வேறொருவர் வரைவார். அது தெரிந்துதான் எல்லோரும் அங்கே போகிறார்கள். காசு கொடுத்தவரின் விளம்பரம்தான் நகரம் முழுக்கக் கண்ணில் படுகிறது. கையில் காசில்லாத பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அதே நகரத்தில் ஒரு சுவர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: இடம் கொடுத்தால் பக்கத்து வீட்டுச் சுவரிலும் கிறுக்க மாட்டார்களா, மேடம்?

சிலர் கிறுக்குவார்கள். திறந்த சுவர் வந்தால் திருட்டுத்தனமாக எழுதுவது நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முழுத் தடையும் வழியல்ல. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகராட்சி 2007இல் மிகக் கடுமையான கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. அனுமதியோடு நடக்கும் கிராஃபிட்டி நிகழ்ச்சிகளுக்குக்கூட நகராட்சி துணைபோகக் கூடாது என்றார்கள். 2014இல் ஆட்சி மாறியதும் அதைக் கைவிட்டு, பிறகு டான்டோலுண்டன் பூங்காவில் நகராட்சியே திறந்த சுவர் அமைத்தது.

சட்டம் படிப்பவர்: தனியார் சுவரில் அனுமதியோடு வரைந்தால், பிறகு உரிமையாளர் அதை அழிக்கலாமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்று ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு பல ஆண்டுகள் அங்கே வரைந்தார்கள். அடுக்குமாடி கட்டத் திட்டமிட்ட அவர், 2013 நவம்பரில் ஓவியர்களுக்கு முறையாக அறிவிக்காமல், இரவோடு இரவாக வெள்ளையடித்துவிட்டார். 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே ஓவியருக்குத் தன் படைப்பின்மேல் உரிமை தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிமன்றம் 45 ஓவியங்களுக்காக 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2020இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு நின்றது. சுவர் அவருடையது, சரி. அதில் வேலை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

அப்படியும் கட்டடம் போய்விட்டது. பணம் வந்தது, கூடி வரைந்த இடம் திரும்பவில்லை. அதனால்தான் நகராட்சிக்குச் சொந்தமான சுவர்கள் அவசியம் என்கிறேன்.

சென்னை வாசகர்: நம் கண்ணகி நகரில் அப்படி ஒரு சுவர் இருக்கிறதே?

இல்லை. அங்கே இருப்பவை அழைத்துவரப்பட்ட ஓவியர்கள் வரைந்த சுவரோவியங்கள். அருமையானவை, சென்னையின் உள்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் வாழும் ஊரை மற்றவர்கள் போய்ப் பார்க்கவும் வைத்தன. ஆனால் அங்கே வளரும் ஒரு சிறுமி நாளைக்கே ஸ்ப்ரே டப்பாவோடு போய் வரைய முடியாது. சுவர்களைச் சீர்குலைப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959 முதலே சட்டம் உண்டு. கட்சிக்காரர்கள் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே சுவரைப் பிடித்து வைப்பதையும் பார்க்கிறோம்.

அதே வாசகர்: அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்?

வார்டு கவுன்சிலரிடம் மேம்பாலத்துக்கு அடியில் ஒரே ஒரு நீளச் சுவர் கேளுங்கள். பேருந்தில் போய்ச் சேரும் இடமாக இருக்கட்டும், இரவில் விளக்கு எரியட்டும், காலி டப்பா போடத் தொட்டி வையுங்கள். முன்கூட்டிப் படம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.